இடுப்பு வலியும் காரமடைத் தண்ணீர்க் கணக்கும்

கிராமத்துக்குக் கணக்கெடுக்கப் போகிற கல்லூரிப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனாலும் தொண்ணூறுகளின் நடுவில், ஒரு மாசி மாதம், என் பேத்தி கவிதாவோடு நானும் கணக்கெடுக்கப் போனேன்.

இப்போது டேட்டா சயின்ஸ் என்கிறார்கள். அன்றைக்கு அவள் படித்தது எம்.எஸ்ஸி. புள்ளியியல். காரமடைக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில் தண்ணீர்க் கஷ்டம் உண்டா என்று விசாரித்து எழுத வேண்டும். உண்டு என்றால்தான் அங்கே போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, போடுவார்கள். பெண்ணைத் தனியாக அனுப்ப என் மகளுக்கு மனசில்லை. துணைக்கு நான்.

காந்திபுரத்தில் காலை ஏழு மணிக்கு மேட்டுப்பாளையம் பஸ். காரமடைக்கு ஒரு மணி நேரம். அங்கிருந்து டவுன் பஸ், இரண்டு ரூபாய்.

ஊரில் வீட்டுக்கு வீடு மோர். "தண்ணிக்குக் கஷ்டமுங்களா?" என்று கவிதா கேட்டால், "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க கண்ணு, உக்காருங்க" என்பார்கள். எல்லா வீட்டிலும் இதே பதில். எனக்கு வயிறு நிறைந்து ஒரே சந்தோஷம். அவள் முகம்தான் தெளியவில்லை. வழியில் குடம் சுமந்து வந்த பெண்களை அவள் பார்த்திருந்தாள். எழுதியதை அப்படியே கொடுத்தால் போர் வேறு ஊருக்குப் போய்விடும்.

திரும்பும்போது டவுன் பஸ்ஸில் பின் சீட்டு. பள்ளத்துக்குப் பள்ளம் தூக்கிப் போட்டது. காரமடையில் இறங்கும்போது டிரைவர், "ஏனுங்கம்மா, சௌகரியமா வந்தீங்களா?" என்றார்.

"ரொம்ப சௌகரியமுங்க" என்றேன், இடுப்பைப் பிடித்துக்கொண்டே.

கவிதாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அமுச்சி, வழியெல்லாம் இடுப்பு போச்சுன்னு பொலம்பிப்போட்டு, அவருகிட்ட இப்படிச் சொல்றீங்க?"

"மூஞ்சிக்கு நேரா எப்படிக் கண்ணு சொல்றது?"

அவள் அப்படியே நின்றுவிட்டாள். "அவங்களும் அதத்தானுங்க செஞ்சாங்க. ஊடு தேடி வந்தவங்ககிட்ட யாரு கஷ்டத்தச் சொல்லுவாங்க? நான் கேட்ட கேள்விதான் தப்பு."

அடுத்த சனிக்கிழமை மறுபடி போனோம். இந்த முறை அவள் கஷ்டத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. இன்றைக்குத் தண்ணீர் எங்கே எடுத்தீர்கள், போய்வர எவ்வளவு நேரம் என்று மட்டும் கேட்டாள். போன தடவை எனக்கு மூன்று டம்ளர் மோர் ஊற்றிய அம்மாள் சொன்னார்: "தோட்டத்துக் கிணத்துலதானுங்க அம்மணி. காத்தால போனா, வெயில் ஏறித்தான் ஊடு வர்றது. நீங்க குடிச்ச மோருக்கும் அந்தத் தண்ணிதான்." கையிலிருந்த டம்ளரை நான் அதற்குமேல் நீட்டவில்லை.

அடுத்த கோடைக்குள் போர் போட்டுவிட்டார்கள்.

போகிற பிள்ளைகள் வெயிலுக்கு முன்பே போய்ச் சேருங்கள். மோர் கொடுத்தால் வேண்டாம் என்காதீர்கள், ஒரு டம்ளரோடு நிறுத்துங்கள். பஸ்ஸில் நடுச் சீட்டைப் பிடியுங்கள். கஷ்டமா என்று மட்டும் எங்கள் பக்கத்தில் யாரையும் கேட்காதீர்கள்.

புதுக் குழாயைப் பார்க்கப் போன அன்றைக்கும் எனக்குப் பின் சீட்டுதான் கிடைத்தது. அதே டிரைவர், அதே கேள்வி. கவிதா என் வாயையே பார்த்தாள்.

"சௌகரியந்தானுங்க" என்றேன்.