வெள்ளை முள்

அத்தானுக்குச் சம்பளம் தருவது பொய்ப்பல் செய்யும் வேலை. உயிர் இருப்பதோ வீட்டுப் பின்னறைக் கண்ணாடி அலமாரியில். உள்ளே வரிசையாகப் படுத்திருப்பவை ட்ரைலோபைட்டுகள். மனிதன் தலைகாட்டுவதற்கு வெகுகாலம் முன்பே கடலில் ஊர்ந்து, கல்லாகிப்போன, பூச்சி மாதிரியான பிராணிகள். முதுகிலும் கண்ணுக்கு மேலும் முள் நீட்டிக்கொண்டிருப்பவைதான் அவருக்கு வேண்டும். ஊசிக்குழாய் வழியாக நுண்தூளைக் காற்றோடு பீய்ச்சி, முள்ளைச் சுற்றிய கல்லை மட்டும் கரைப்பார். முள் அந்தரத்தில் நிற்கும். அந்த அலமாரியில் ஒட்டுவேலை செய்த முள் ஒன்றுகூடக் கிடையாது.

அன்று மேசையில் இருந்தது அடுத்தவர் கல். சேகரிப்பாளர்கள் எல்லாரும் 'பெரியவர்' என்று சொல்லும் மனிதருடையது. "ஒரு முள்ளும் போகாம எடுத்துக் குடு. இதோட ஜோடியை நீ வச்சுக்க" என்று சொல்லியிருந்தார். அந்த ஜோடிக்காக அத்தான் வருஷக்கணக்கில் ஏங்கியவர். சாயங்காலம் பெரியவர் வருகிறார்.

நான் பக்கத்தில் நின்று பார்க்க, கடைசிக் கறுப்பு முள்ளின் அடியில் குழாய் நகர்ந்தது. 'டிக்' என்றொரு சத்தம். முள் இல்லை.

"யாரும் அசையாதீங்க!" என்று அத்தான் கத்தினார்.

வாசலில் அக்கா காபித் தம்ளரோடு ஒரு காலைத் தூக்கியபடி நின்றாள். "எவ்வளவு நேரத்துக்கு? கொக்குக்கே கால் வலிக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. தரை, சட்டை மடிப்பு, என் தலைமுடி, தூசி உறிஞ்சும் மெஷினின் பை, எல்லாவற்றையும் சலித்தோம். கிடைத்ததெல்லாம் தூள்.

"பல்லே கட்டுறவரு நீங்க" என்றாள் அக்கா, குரலைத் தாழ்த்தி. "அதே கறுப்புல ஒண்ணு செஞ்சு ஒட்டிடுங்க. கடவுளே வந்தாலும் கண்டுபிடிக்க மாட்டாரு."

அத்தான் பல் செய்யும் மாவைக் குழைத்தார். சாயக்குப்பியைச் சாய்த்தார். குப்பியின் வாயில் கறுப்பு ஒரு துளியாகத் திரண்டு தொங்கியது. அறையே பல்லைக் கடித்துக்கொண்டு நின்றதுபோல் இருந்தது.

குப்பியை நிமிர்த்தி மூடினார். கல்லின் முதுகில் முள் வெள்ளையாகவே இறுகியது.

பெரியவர் வந்தார். லென்ஸே தேவைப்படவில்லை.

"என்னப்பா இது? முதுகுல பல்லு முளைச்சிருக்கு?"

"உடைச்சுட்டேங்க. தேடிப் பார்த்தோம், கிடைக்கல. அது மட்டும் நான் செஞ்சது."

"கறுப்புல செஞ்சிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதே."

"தெரிஞ்சிருக்காதுங்க. அதான் செய்யல."

அக்கா என் முழங்கையைக் கிள்ளினாள். பெரியவர் பையைத் திறந்தார். பஞ்சுக்கு நடுவே ஜோடிக்கல் தெரிந்தது. அத்தானின் பார்வை அதன்மேல் போய்ச் சட்டென்று விலகியது. பெரியவர் வெள்ளை முள் கல்லையும் அதன் பக்கத்திலேயே வைத்து, பையை மூடினார்.

"பேச்சுன்னா பேச்சுப்பா."

"ஆமாங்க."

அத்தான் முன்னால் போய்க் கதவைத் திறந்துவிட்டார்.

"பையைச் சாய்க்காம பிடிச்சுக்கிட்டுப் போங்க. மத்த முள்ளெல்லாம் முழுசா இருக்கு."