பாறைக்கு அடியில் ஒரு குடம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு மாசி மாதத்தில், கலகெதரப் பக்கம் ஒரு பாறையில் ஏறப் போயிருந்தோம். நானும் என் தோழியும்தான். கண்டியில் ஒரே அலுவலகத்தில் வேலை. சனிக்கிழமை வந்தால் கயிற்றைப் பையில் திணித்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவோம். வீட்டில் எனக்குப் ‘பல்லி’ என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

காலை மூடுபனி இன்னும் கலையவில்லை. தோழி கீழே கயிற்றைப் பிடித்துக்கொள்ள, நான் பாறையின் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தேன். மேலே வானமும் இல்லை, கீழே மரங்களும் இல்லை, எல்லாம் ஒரே வெள்ளை. எங்கிருந்தோ சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. அரைத் தூக்கத்தில் இருப்பதுபோல் அவ்வளவு சுகம். அந்தத் தண்ணீர் எங்கே விழுகிறது என்று பார்க்கத் தோன்றவில்லை.

பாறையில் ஒரு முழ அகலத்துக்குப் பச்சைப் பாசி மேலிருந்து கீழே இறங்கியிருந்தது. கால் வைத்தால் வழுக்கியது. எங்களைப் போன்றவர்கள் பையில் ஒரு கம்பி பிரஷ் வைத்திருப்போம். தேய்த்துச் சுத்தம் செய்துவிட்டால் அடுத்து ஏறுபவருக்கு உதவி என்று நினைப்பு. பெரிய சேவை செய்கிற மிதப்பில் அரை மணி நேரம் தேய்த்தேன். பாசி பாளம் பாளமாகக் கழன்று விழுந்தது. சொட்டுச் சத்தம் நின்றதைக்கூட நான் கவனிக்கவில்லை.

இறங்கி வந்து சோற்றுப் பார்சலைப் பிரித்தபோது, பாறையைச் சுற்றிக்கொண்டு ஒரு பெண் வந்தார். முக்காடு போட்டிருந்தார், என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். இடுப்பில் வெறுங்குடம். மேலே பார்த்தார். பிறகு என் பக்கத்தில் கிடந்த பிரஷைப் பார்த்தார். பாராட்டப் போகிறார் என்று நினைத்துச் சிரித்துவைத்தேன், பாருங்கள்.

“அந்தப் பாசிதான் தங்கச்சி எங்கட ஊட்டுக்கு பைப்பு,” என்றார். குரல் உயரவே இல்லை.

கூட்டிப்போய்க் காட்டினார். வளைவுக்கு அப்பால், புதருக்குள் ஒரு பிளந்த மூங்கில். பாறையில் கசிகிற நீரைப் பாசி ஒன்றாகச் சேர்த்து அந்த மூங்கிலில் விடுமாம். கிணறு வற்றிவிட்டதால் வீட்டில் குடிக்க அதுதான் என்றார். இப்போது நீர் வெறும் பாறையில் பரவி, வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பிளாஸ்டிக் குழாய் வாங்கித் தருகிறேன் என்று உளறினேன்.

“குழாய் என்னத்துக்கு? தண்ணிய ஒண்டாச் சேத்துக் குடுக்கத்தான் இனி ஆளில்ல.”

அன்று மதியம் மூவரும் களிமண் குழைத்தோம். நான் மறுபடி கயிற்றில் ஏறி, பாசி இருந்த தடத்தின் இரண்டு ஓரமும் விரல் கனத்துக்கு வரம்பு கட்டினேன். உதிர்ந்த பாசியைப் பொறுக்கி நடுவில் அப்பினேன். பிறகு மூங்கிலின் நுனிக்குக் கீழே குடத்தை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். வெயில் தாழ்ந்த பிறகு முதல் சொட்டு குடத்தில் விழுந்தது. அவர் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

களிமண் காய்ந்து வெடிக்கும் என்பதால், மழை வரும்வரை ஒவ்வொரு சனிக்கிழமையும் போய்ப் பூசினோம். அரை மணி நேரத்தில் நான் தேய்த்த பாசி, திரும்ப மூட ஒன்றரை வருடம் எடுத்தது. இப்போதெல்லாம் எந்தப் பாறைக்குப் போனாலும் முதலில் அடிவாரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, யாருடைய குடமாவது இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கயிற்றை வெளியே எடுக்கிறேன்.