மேல்பல்லும் வலக்கண்ணும்

மேலுதட்டின் உட்புறம் எப்போதும் புண்ணாகவே இருந்தது. வலப்பக்கத்துக் கோரைப்பல் வரிசையை விட்டு வெளியே தள்ளி நின்று உதட்டை உரச, நாக்கு ஓயாமல் அங்கேயே போய் அந்த உப்புச் சுவையைத் தொட்டுத் தொட்டுத் திரும்பும். பீளமேட்டில் எங்கள் தெருவில் அதற்குத் "தெத்துப்பல்லு" என்று பெயர். அதிர்ஷ்டம் என்றும் சொல்வார்கள். தொண்ணூறுகளின் நடுவில், எனக்குப் பதின்மூன்று வயதில், கம்பி கட்டினால் சரியாகிவிடும் என்றார் பல் மருத்துவர். பல்லைப் பிடுங்கத் தேவையில்லை, உள்ளே இடம் இருக்கிறது என்றும் சொன்னார். இரண்டாவதை வீட்டில் ஒருவரும் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. கம்பி என்றாலே பல்லைப் பிடுங்குவார்கள் என்பதும், மேல்பல்லைப் பிடுங்கினால் அந்தப் பக்கத்துக் கண் போய்விடும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்த விஷயங்களாக இருந்தன.

அதிலும் அப்பாவின் அக்காவான தாராபுரத்து அத்தைக்குச் சந்தேகமே கிடையாது. "மேல்பல்லு வேரு நேரா கண்ணுக்குப் போவுது தம்பி. பொட்டப்புள்ளைக்குப் பல்லு முக்கியமா, கண்ணு முக்கியமா?" என்று கேட்டார். மோட்டார் பட்டறை நடத்திய அப்பா எதையும் பிரித்துப் பார்க்காமல் நம்பாதவர். அக்கா சொன்னதை மட்டும் பிரித்துப் பார்க்க மாட்டார். சாமியிடம் பூ கேட்டுவிடலாம் என்று முடிவாயிற்று.

எங்கள் குலதெய்வக் கோயிலில் வெள்ளை அரளியை ஒரு பொட்டலமாகவும் சிவப்பு அரளியை இன்னொன்றாகவும் இலையில் மடித்துச் சாமி முன் போட்டு, விவரம் தெரியாத குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது.

"என்ன கேக்கோணுமுங்க?" என்றார் பூசாரி.

"புள்ளையோட மேல்பல்லைப் புடுங்கலாமான்னு கேளுங்க" என்றார் அப்பா.

சிவப்பு வந்தது. அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் நாக்கால் பல்லைத் தள்ளியபடி நின்றேன்.

திரும்பும் பேருந்தில் பல்லடம் தாண்டியதும் அம்மா மெதுவாகத் தொடங்கினார். "ஏனுங்க, புடுங்கலாமான்னுதானுங்க கேட்டோம். சாமி வேண்டாம்னு சொல்லிப்போட்டுது. டாக்டரும் அதையேதானுங்க சொல்றாரு. கம்பி கட்டறதைப் பத்தி நாம கேக்கவே இல்லீங்களே?"

அப்பா சூலூர் வரை யோசித்தார். பிறகு, "அக்காகிட்ட நீயே சொல்லிப்போடு" என்றார்.

கம்பி கட்டியதும், வாய்க்குள் தண்டவாளம் ஓடுகிறது என்று, பள்ளியில் எனக்குப் "போத்தனூர் ஜங்ஷன்" என்று பெயர் வந்தது. வானம் இருட்டினால், "ஏய், வாயை மூடுடி, இடி உம்மேலதான் உழுகும்" என்பார்கள். அதற்கெல்லாம் சிரித்துவிட முடிந்தது; வேர் கண்ணுக்குப் போகிறது என்ற அத்தையின் பேச்சுக்கு முடியவில்லை. மருத்துவர் கம்பியை முறுக்கிவிடும் நாட்களில் வலி கன்னத்தின் வழியே மேலே ஏறுவதுபோல் தோன்றும். பேருந்து நிறுத்தத்தில் இடக்கண்ணைப் பொத்திக்கொண்டு, வரும் வண்டிகளின் பலகைகளை வலக்கண்ணால் படித்துப் பார்ப்பேன்.

அடுத்த வருஷம், 'காந்திபுரம்' என்ற பலகை வெறும் வெள்ளைக் கறையாக வந்து நின்றது. சொன்னால் கம்பியை எடுத்துவிடுவார்கள், பல் பாதி வழியில் நின்றுவிடும். சொல்லாவிட்டால் கண் போய்விடும். வகுப்பில் பக்கத்தில் இருப்பவளைப் பார்த்து எழுதிக்கொண்டு, உட்கார்ந்தால் எழுந்து, எழுந்தால் உட்கார்ந்து, அந்த மாதம் முழுவதும் ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாமல் திரிந்தேன். ஒரு மாலை நிறுத்தத்தில்தான் உறைத்தது: இடக்கண்ணை நான் ஒருநாளும் சோதித்ததில்லை. வலக்கண்ணைப் பொத்தினேன். அதே கறை. பல்லோ வலப்பக்கம்! என் வண்டியை விட்டுவிட்டு, அடுத்த பலகையையும் அப்படியே பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டு, வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன்.

கிட்டப்பார்வை, இரண்டு கண்ணிலும் ஒரே அளவு, பல்லுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, கண்ணாடி போட்டால் போதும் என்றார் கண் மருத்துவர். செய்தி கேட்டதும் அத்தை வந்து இறங்கினார். "அன்னைக்கே சொன்னனா இல்லியா?"

அம்மா காப்பியை நீட்டினார். "உங்க கண்ணாடிக்கு எந்தப் பல்லுங்க காரணம்?"

அத்தை கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். "காப்பிக்குச் சக்கரை பத்தலை அம்மணி" என்றார்.

இன்று அத்தை இல்லை, பட்டறை இல்லை, பேருந்துப் பலகைகளில் பெயிண்ட் எழுத்தும் இல்லை; சிவப்பு விளக்குகளாக ஊர்ப் பெயர்கள் ஓடுகின்றன. பல் வரிசையில் நிற்கிறது, நாக்குக்கு அங்கே வேலையில்லை. ஆனாலும் பீளமேட்டு நிறுத்தத்தில் வண்டி தூரத்தில் தெரிந்தால், கண்ணாடிக்குள் விரலை விட்டு முதலில் இடக்கண்ணைப் பொத்துகிறேன். பிறகு, மறக்காமல், வலக்கண்ணையும்.