நடுவில் உட்கார்ந்தவர்

படகில் அப்பா இருந்தார், நான் இருந்தேன், படகின் உரிமையாளரும் அவருடைய இரண்டு மச்சான்களும் இருந்தார்கள். அண்ணன் இல்லை. அப்பாவோடு போக வேண்டியவன் அவன்தான். சமயபுரத்தில் ஒரு லாட்ஜில் வேலை கிடைத்ததும், "கடல்ல போயி சாவறதுக்கா?" என்று நின்றுகொண்டான். நான் கல்லூரி விடுமுறையில் சும்மா இருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். "அப்பா தனியா போகவேணாம்டா" என்று அம்மா என்னை அனுப்பினாள்.

எழுபதுகளின் பிற்பகுதி அது. மேட்டூர் அணையை மூடிவிட்டால் எங்கள் ஸ்ரீரங்கத்தை ஒட்டி ஓடும் கொள்ளிடத்தில் மணல்தான். பரிசல் போட்டு மீன் பிடிக்கிற எங்களுக்குக் கோடை முழுக்கக் கிடைத்த கூலிதான் சோறு. அந்த வருடம் மீன் வியாபாரி ஒருவர் நாகப்பட்டினத்தில் ஒரு விசைப்படகில் சொல்லிவைத்தார். ஒரு நாள் வந்து பார்க்கட்டும், சரிப்பட்டால் மழை வரும்வரை வைத்துக்கொள்கிறேன் என்று உரிமையாளர் சொல்லியிருந்தார். அந்த ஒரு நாளுக்காகத்தான் திருச்சியில் பஸ் ஏறினோம்.

விடிந்தபோது கரை மறைந்திருந்தது. மறுகரை இல்லாத தண்ணீரை நான் பார்த்ததில்லை. அப்பாவும் பார்த்ததில்லை. வலை விடுவதில் அவர் பிசகவில்லை. "கை நல்லா ஓடுதுண்ணே" என்றார் உரிமையாளர். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

பத்து மணிக்கு மேல் தெற்கே கறுத்தது. "சோழகக் காத்து எழும்பிடுச்சு, வலைய இழுங்க!" என்று உரிமையாளர் குரல் கொடுத்தார். படகு எழும்பி எழும்பி விழுந்தது. ஓர் அலை உள்ளே வந்து கொட்டியது. உடனே அப்பா வலையை விட்டுவிட்டு என் கையைப் பிடித்து இழுத்து, படகின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

பயந்து அல்ல. வட்டமான பரிசலுக்கு முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. சுழலில் மாட்டினால் நடுவில் உட்கார்ந்து அசையாமல் இருக்க வேண்டும். எழுந்து நிற்கிறவன்தான் கவிழ்ப்பான். ஐந்து வயதில் எனக்கும் அப்படித்தான் பழக்கியிருந்தார்.

"என்னண்ணே உக்காந்துட்டீங்க, தண்ணிய இறைங்க!" என்று உரிமையாளர் கத்தினார்.

"யாரும் ஆடாதீங்க, உக்காருங்க! தானா நிக்கும்!" என்று அப்பா பதிலுக்குக் கத்தினார்.

"ஸ்ரீரங்கத்துக்காரர்ல? பெருமாளாட்டம் பள்ளிகொண்டுட்டாரு!" என்றான் சின்ன மச்சான்.

யாரும் சிரிக்கவில்லை. உரிமையாளர் என்னைப் பார்த்தார். "தம்பி, படிச்சவன்தானே, நீயாவது வாடா!"

அப்பாவின் பிடி மணிக்கட்டில் இறுகியது. அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு எழுந்தேன்.

வாளி வாளியாக இறைத்தேன். இழுக்க ஆள் போதவில்லை. உரிமையாளர் வலையை அறுத்துவிட்டார். பாரம் போனதும் படகு அலைக்கு முகம் கொடுத்து நின்றது. சாயங்காலம்தான் கரை தெரிந்தது. அதுவரை நாங்கள் நாலு பேர் ஒரு வேலையில் இருந்தோம், அப்பா தனியாக உட்கார்ந்திருந்தார். ஒருமுறை அவர் பக்கத்தில் குனிந்து வாளியை நிரப்பினேன். பஸ்ஸில் தெரியாதவருக்கு வழி விடுவதுபோல் காலை ஒதுக்கிக்கொண்டார்.

கரையில் உரிமையாளர் டீ வாங்கிக் கொடுத்தார். "தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. தம்பி வேணா லீவு முடியற வரைக்கும் வரட்டும். உங்களுக்குச் சரிப்படாது."

"அவன் படிக்கிற புள்ள" என்றார் அப்பா. டீயைக் குடித்து முடித்தார். "அறுத்த வலைக்கு என்ன பண்ணுவீங்க?"

"அது படகுப் பங்காளிங்க நட்டம். ஒரு நாள் ஆளுக்கு அதுல பங்கு இல்லண்ணே."

"படகுல நானும் இருந்தேன்ல?"

திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்துச் சீட் காலியாக இருந்தும் அவர் முன்னால் போய் உட்கார்ந்தார். அவருடைய பிடரியைப் பார்த்துக்கொண்டே திருச்சி வந்து சேர்ந்தேன்.

அந்தக் கோடை முழுக்க அப்பா கொள்ளிடத்தில் மணல் அள்ளி லாரிக்கு ஏற்றினார். வலைப் பணத்தை வியாபாரி கையில் கொஞ்சம் கொஞ்சமாக உரிமையாளருக்குக் கொடுத்தனுப்பினார். வலைக்கு அவராகக் கேட்டு வாங்கிக்கொண்ட பங்கு நூற்றெண்பது, இரண்டு பேருக்கும் போகவர பஸ் முப்பத்திரண்டு. ஆக, அந்த ஒரு நாளுக்கு ஆன செலவு இருநூற்றுப் பன்னிரண்டு ரூபாய்.