மூட்டைத் தேங்காய் வேண்டுதல்

கிள்ளான் ஊர்ச் சந்தையான பாசாரில் தேங்காய் துருவிப் பால் பிழிந்து விற்பது என் பிழைப்பு. எதிர்ச் சாப்பாட்டுக் கடையில் டிவி ஓயாமல் அலறிக்கொண்டிருக்கும். அன்று அதில் அக்கம்பக்கத்து நாட்டுத் தலைவர்கள் வரிசையாக நின்று, கைகளைக் குறுக்கே மாற்றிப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எல்லா நாடும் ஒரே சந்தையாம், சரக்கு தடையில்லாமல் போய்வருமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்கள் கூடிப் பேசுவதற்காகக் கோலாலம்பூரில் சாலையை அடைத்திருந்தார்கள். பிரிக்பீல்ட்ஸ் உணவகத்துக்குப் பால் கொண்டுபோன என் கணவர் வேனுக்குள்ளேயே வெந்துகொண்டிருந்தார். பால் புளித்துத் திரும்பி வந்தது.

என் தேங்காய் கடலுக்கு அந்தப் பக்கம் உள்ள நாட்டிலிருந்து வருவது. சில மாதங்களாக அங்கே காயை வெளியே விடத் தயங்கினார்கள். சொந்த ஆலைகளுக்கே போதவில்லையாம். மிஞ்சியதையும் தூரதேசத்து வியாபாரிகள் நல்ல விலை கொடுத்து அள்ளிக்கொண்டு போனார்கள். இங்கே அரசாங்கமோ, பண்டிகைக் காலம், இந்த விலைக்கு மேல் விற்கக்கூடாது என்று சொல்லிவிட்டது. யாரைக் குற்றம் சொல்வது? அவரவர் ஜனத்தை அவரவர் பார்க்கிறார்கள். நடுவில் முழி பிதுங்கியது எனக்குத்தான்.

அந்த நேரம் பார்த்துத்தான் பண்டமாரானில் குடியிருக்கும் என் வாடிக்கை அக்கா வந்தார். பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை செய்பவர், புருஷன் இல்லை. ஒரே மகன் மேரு வட்டாரத்தில் ஏர்கோன் என்கிற ஏ.சி. பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் சூப்பர்வைசர்.

"தங்கச்சி, கம்பெனிய வேற நாட்டுக்குத் தூக்கிட்டுப் போறாங்கன்னு பேசிக்கிறாங்கம்மா. அங்க சம்பளம் கம்மியாம், வரியும் கெடையாதாம். மவன் வேலைக்கு ஒண்ணும் ஆவலன்னா தைப்பூசத்துல ரதத்துக்கு முன்னால ஒரு மூட்டை தேங்கா உடைக்கிறேன்னு வேண்டிக்கிட்டேன். நீதான் எடுத்து வைக்கணும்."

"அக்கா, சட்னிக்கே காய் இல்ல. முருகன்கிட்ட கொஞ்சம் கம்மியா பேசியிருக்கக் கூடாதா?"

அவர் சிரிக்கவில்லை. "வீட்டு லோன் அவன் சம்பளத்துலதாம்மா ஓடுது" என்றார்.

தலையால் தண்ணீர் குடித்துத்தான் அந்த மூட்டையைச் சேர்த்தேன். லோரி வரும்போதெல்லாம், குடுமியுள்ள, கீறல் விழாத, தட்டினால் கணீரென்று கேட்கும் காயாகப் பொறுக்கி மூலையில் போட்டுவைத்தேன். நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறு விற்கும் மலாய்க்கார அக்கா அதைப் பார்த்துவிட்டு, தனக்கு நாலு கொடுக்கச் சொல்லிக் கெஞ்சினார். சாமிக்கு வைத்தது என்றதும் வெறுங்கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். எனக்கு அன்றைக்கு முழுக்க மனசே சரியில்லை.

தைப்பூசத்துக்கு முந்தின வாரம் பண்டமாரான் அக்காவின் மகன் தனியாக வந்தான்.

"ஆன்டி, அம்மா மூட்டைய எடுக்க வருவாங்க. நீங்க ஒண்ணும் சொல்லிடாதீங்க லா."

"என்னா சொல்லக் கூடாது?"

"கம்பெனி போறது கன்ஃபர்ம் ஆன்டி. மெஷின் எல்லாம் ஏத்தியாச்சு. அங்க உள்ளவங்களுக்கு வேலை சொல்லிக்குடுக்க என்னை அனுப்புறாங்க. அவங்க கத்துக்கிட்டா என் வேலை முடிஞ்சிடும். அம்மாகிட்ட வெளிநாட்டுக்கு ட்ரெய்னரா அனுப்புறாங்கன்னு மட்டும்தான் சொன்னேன். புரமோஷன்னு நெனச்சிக்கிட்டாங்க. சந்தோஷத்துல அழுதுட்டாங்க ஆன்டி. அதுக்கு மேல எனக்கு வாய் வரல."

"எந்த நாடு?"

"உங்க தேங்கா வர்ற நாடுதான்."

அங்கிருந்து காய் வரமாட்டேன் என்கிறது, இங்கிருந்து வேலை மட்டும் தடையில்லாமல் போகிறது. டிவியில் சிரித்தவர்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டி என்ன ஆகப்போகிறது? அங்கே இவனிடம் வேலை கற்கப்போகிறவனுக்கும் ஓர் அம்மா இருப்பாள். அவளும் ஏதோ ஒரு சாமியிடம் இதே வேலையைத்தான் கேட்டிருப்பாள்.

அக்கா கேசரியோடு வந்தார். "தங்கச்சி, மவன உன் தேங்கா வர்ற நாட்டுக்கே வாத்தியாரா அனுப்புறாங்க. இனிமே உனக்குத் தேங்காய்க்குக் கவலையே இல்ல, அவன் அங்கேருந்தே பாத்து அனுப்பிடுவான்" என்றார். கேசரியை வாங்கித் தராசுப் பக்கம் வைத்தேன். சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. மூட்டையைத் தூக்கி வேனில் ஏற்றத்தான் முடிந்தது.

தைப்பூசத்தன்று ரதம் வந்தபோது அம்மாவும் மகனும் மாற்றி மாற்றி உடைத்தார்கள். கடைசிக் காயை அக்கா என் கையில் திணித்தார். "உன் கடைக்காக நீயும் ஒண்ணு உடை." அது உடையாமல் உருண்டு ஓடிவிட வேண்டும் என்று என் மனம் கிடந்து அடித்துக்கொண்டது. சகுனம் சரியில்லையே என்று அவர் ஒரு வார்த்தை கேட்டால் போதும், மகன் வாயைத் திறந்துவிடுவான். மெதுவாகத்தான் போட்டேன். ஆனால் நானே பொறுக்கியெடுத்த நல்ல காய் ஆயிற்றே. சில்லுச் சில்லாகச் சிதறியது.

"பாத்தியா, எப்படிச் செதறுச்சு" என்று அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு மகன் பக்கம் திரும்பி அவன் நெற்றியில் விபூதி பூசினார்.

"அங்க போயி எதையும் மறைக்காம, மனசு வச்சு நல்லா சொல்லிக்குடுய்யா."

"சரிம்மா" என்றான் அவன்.