வெளி வளையத்தை முதலில் நிரப்பிய நாள்

1. மாட்டிக்கொண்டது

மாலை ஐந்து மணிக்குக் குத்துவிளக்கு ஏற்ற வேண்டும். மூன்று மணிக்கு என் மகள் கோலத்துக்குள் மாட்டிக்கொண்டாள். மாட்டவைத்தவன் நான்தான்.

தீபாவளி நெருங்கினால் கோலாலம்பூரில் எந்த மாலுக்குள் நுழைந்தாலும் நடுக்கூடத்தில் கலர் அரிசியில் ஒரு பெரிய கோலம் இருக்கும். அதைப் போடுகிறவர்களில் நானும் ஒருவன். முதலில் பங்சாரில் ஒரு கட்டட வரைபட ஆபிசில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தேன். சீசனுக்கு மட்டும் செய்த கோல வேலை மெல்ல முழுநேரத் தொழிலாகிவிட்டது. புதிதாகச் சேர்கிறவர்கள் எந்தக் கலர் மங்காது, எந்த அரிசி நன்றாகச் சாயம் பிடிக்கும் என்று கேட்கிறார்கள். அதையெல்லாம் வேலையோடு வேலையாகச் சொல்லிக்கொடுத்துவிடலாம். எழுதிவைக்க வேண்டியது இந்த ஒரு மதியத்தைத்தான்.

அரிசியை நாங்கள் ஒட்டுவதில்லை. சாக்குக்கட்டியால் வரைந்த கோட்டுக்குள் சும்மா தூவி, பழைய ஏடிஎம் கார்டால் ஓரத்தைத் தள்ளி நேராக்குவோம். கால் பட்டால் அந்த இடம் போச்சு. அதனால் எங்கள் வேலையில் மாற்ற முடியாத ஒரு முறை உண்டு. நடுவில் உட்கார்ந்து தொடங்க வேண்டும். பின்னால் நகர்ந்து நகர்ந்து, வந்த வழியை நிரப்பிக்கொண்டே வெளியே வர வேண்டும். வெளி வளையம் எப்போதும் கடைசி.

2. தட்டு

என் மகள் ஷாமினிக்கு இருபத்து நான்கு வயது. எங்கள் குழுவில் நடுக்கோலம் அவளுடையது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் உரச, அரிசி நூல் மாதிரி இறங்கும். மயில் கழுத்து வளைவை ஒரே மூச்சில் போட்டுவிடுவாள்.

போன வருடம் ஃபெடரல் ஹைவேயில் அவளுடைய மோட்டார் சைக்கிளை ஒரு லோரி உரசிவிட்டது. வலது மணிக்கட்டில் தகடு வைத்தார்கள். எலும்பு சேர்ந்துவிட்டது, விரல்களுக்கு உணர்வு திரும்ப நாளாகும், எத்தனை நாள் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். அன்று எனக்கு வந்த போன் தெரியாத நம்பரிலிருந்து. இன்றும் தெரியாத நம்பர் அடித்தால் எடுக்கக் கை வராது. அடித்து ஓயட்டும் என்று நிற்பேன். பிறகு நானே திரும்ப அழைப்பேன்.

கிள்ளானில் எங்கள் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில்தான் சாயம் போட்ட அரிசியைக் கேன்வாஸில் உலர்த்துவோம். அந்த ஓரத்தில் ஷாமினி ஒரு பெரிய எவர்சில்வர் தட்டை வைத்துக்கொண்டு உட்காருவாள். ஒரு வட்டம் போடுவாள். அரிசி ஒரு இடத்தில் கொட்டும், ஒரு இடத்தில் வராமல் நிற்கும். பார்த்துவிட்டு, கலைத்துவிட்டு, மறுபடி போடுவாள். மாதக்கணக்கில் இப்படித்தான். எனக்குப் பார்க்கப் பொறுக்காது. ஒருநாள் அவள் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் கார்டை எடுத்து அந்த வட்டத்தை ஒழுங்காக்கி வைத்தேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

வந்து பார்த்ததும் கேட்டாள்.

“அப்பா, இதத் தொட்டீங்களா?”

“ஓரத்துல மட்டும்மா.”

“நேத்தவிட இன்னிக்கு எவ்வளவு கோணல்னு நான் பாக்கணும்ப்பா. நீங்க நேராக்கி வச்சிட்டா எனக்கு எப்படித் தெரியும்?”

கோபமாகச் சொல்லவில்லை. தட்டைச் சாய்த்து அரிசியைக் கொட்டிவிட்டு மறுபடி தொடங்கினாள்.

3. நடுக்கூடம்

இந்த வருடம் பிரிக்பீல்ட்ஸ் பக்கத்தில் ஒரு மால். மயில் நடுவில், அதைச் சுற்றித் தோகை, கடைசியில் தாமரையும் மாங்காயும் மாறி மாறி வரும் அகலமான வெளி வளையம். அந்த வளையம் ஒரு ஆள் குறுக்கே படுத்தால் இருக்கும் அகலம். தாண்ட முடியாது.

மயிலை நான்தான் போடுவதாக இருந்தேன். முதல் நாள் காலை ஷாமினி ஒன்றும் கேட்காமல், ஒரு துண்டை மடித்து எடுத்துக்கொண்டு நடுவில் போய் உட்கார்ந்துவிட்டாள். துண்டின்மேல் மணிக்கட்டை ஊன்றிக்கொண்டு தூவத் தொடங்கினாள். மயிலுக்கான அரிசியை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் மதியம் ஆகியும் தோகை பாதியில் நின்றது. மால் நிர்வாகத்தில் விழா வேலைகளைப் பார்க்கும் பிரகாஷ், கையில் வாக்கி டாக்கியோடு நாலாவது தடவையாக வந்தார்.

“அங்கிள், அஞ்சு மணிக்கு விஐபி வந்துடுவாங்க. உள்ள ஒரு ஆள்தான் வேல செய்றாங்க, மத்தவங்க எல்லாம் சும்மா நிக்கிறாங்க. எப்படி லா?”

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பார்க்கிறவர்களுக்கு வேலை நடப்பதாகவாவது தெரியட்டும் என்று எல்லோரையும் வெளி வளையத்தில் இறக்கினேன். நானும் இறங்கினேன். எங்களோடு வேலை செய்யும் கமலா அக்கா என்னைவிட மூத்தவர், கை வேகத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. அவர் மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு தோளைக் குலுக்கிவிட்டு அவரும் தொடங்கினார். ஷாமினி குனிந்த தலை நிமிரவில்லை.

மூன்று மணிக்குக் கடைசித் தாமரையும் முடிந்து வளையம் மூடியது. எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு பார்த்தபோதுதான் உறைத்தது. நடுவில் என் மகள். சுற்றிலும் அரிசி. வெளியே வர வழி இல்லை.

“தம்பி, அழகா வேலி போட்டுட்டீங்க,” என்றார் கமலா அக்கா. “புள்ளைக்குச் சாப்பாட்ட தூக்கித்தான் போடணும்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. துடைப்பத்தை எடுத்தேன். வளையத்தில் ஒரு பாதை கூட்டி, அவளை வெளியே கொண்டுவந்துவிட்டு, நான் உள்ளே போய் மயிலை முடித்துவிடலாம். என் கைக்கு ஒரு மணி நேர வேலை. அவளை எழுப்பிவிட்டு மயிலை நானே முடிக்க வேண்டும் என்பதுதான் உண்மையில் மனத்துக்குள் ஓடியது. வளையம் அதற்கு ஒரு சாக்கு.

துடைப்பம் தரையில் உரசிய சத்தத்தில் ஷாமினி நிமிர்ந்தாள். சுற்றிலும் பார்த்தாள். என்ன நடந்தது என்று புரிந்து சிரித்துவிட்டாள்.

“அப்பா, கூட்டாதீங்க. யாரும் உள்ள வரவேணாம். முடிச்சிட்டுக் கூப்பிடுறேன்.”

“நேரம் பத்தாதும்மா.”

“பத்தலன்னா பத்தாது. கூப்பிடுறேன்ப்பா.”

துடைப்பத்தைப் பிடித்தபடி நின்றேன். கமலா அக்கா அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

4. பேச்சு

பிரகாஷ் பாவம், தலையில் கை வைத்துக்கொண்டார். கமலா அக்காதான் அவரைச் சமாளித்தார்.

“விஐபி பேசுவாங்களா?”

“பேசுவாங்க, ஆன்டி.”

“எத்தன பேரு?”

“மூணு பேரு.”

“அப்ப ஆறு மணி ஆயிடும். நீங்க பேச்ச மொதல்ல வச்சு, விளக்க கடைசில வைங்க தம்பி. போய் ஒரு தே தாரிக் குடிங்க,” என்று அவரை டீக்கு அனுப்பினார்.

அப்படியே ஆனது. ஐந்து மணிக்கு விருந்தினர்கள் வந்தார்கள். மேடையில் பேச்சு தொடங்கியது. முன்வரிசை நாற்காலிகளில் இருந்தவர்கள் மேடையைப் பார்க்கவில்லை. கோலத்துக்கு நடுவில் தனியாகக் குனிந்திருந்த பெண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தடுப்புக் கயிற்றைப் பிடித்தபடி நின்றேன். இவ்வளவு நேரம் அவள் கை வேலையை நான் தொடாமல் பார்த்தது அதுவரை நடந்ததில்லை. தொட வழி இல்லாததால் பார்த்தேன்.

அப்போதுதான் ஒன்று தெரிந்தது. அவள் விரல் பழையபடி ஓடவில்லை. கொஞ்சம் தூவும், நிற்கும். நிற்கிற இடத்தில் மூச்சு விடுவாள், துண்டை நகர்த்துவாள், மறுபடி தூவுவாள். தட்டில் அரிசி கொட்டிப்போகும் இடங்கள் எனக்கு மனப்பாடம். அங்கெல்லாம் இப்போது அவள் முன்கூட்டியே நின்றாள். எந்த இடத்தில் கை தவறும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தட்டில் அத்தனை மாதம் அவள் கற்றது அது. நான் கோணலை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாமவர் நன்றி சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் எழுந்து நின்றாள். கால் மரத்துப் போயிருக்க வேண்டும், கொஞ்சம் தள்ளாடினாள்.

“அப்பா, வரேன்.”

5. தடம்

கமலா அக்கா ஒரு தாமரையைக் கூட்டிப் பாதை விட்டார். அவள் வெளியே வந்ததும் நானும் அவரும் இரண்டு பக்கமும் மண்டியிட்டு அதை நிரப்பினோம். கைவசம் இருந்த ஊதா அரிசி வேறொரு தடவை சாயம் போட்டது, நிறம் கொஞ்சம் வெளிறியிருந்தது. உற்றுப் பார்த்தால் அந்த ஒரு தாமரை மட்டும் தனியாகத் தெரியும். விளக்கை ஏற்றினார்கள். எல்லோரும் மயிலைப் படம் எடுத்தார்கள்.

மயிலின் கழுத்து கொஞ்சம் தடித்திருந்தது. வளைவில் ஒரு இடத்தில் பிசிறும் இருந்தது. ஷாமினி கையைப் பிசைந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் போலிருந்தது. அதற்குள் அவளே சொன்னாள்.

“கோணல் கொறஞ்சிருக்குப்பா.”

அதற்குப் பிறகு ஷா ஆலமில் ஒரு ஆபிஸ் லாபியிலும் கிள்ளானில் ஒரு ஹோட்டலிலும் கோலம் போட்டோம். இரண்டிலும் நடு அவளுடையதுதான். நேரம் எடுக்கிறது. அதற்கேற்ப ஒரு நாள் முன்னதாகவே தொடங்குகிறோம். இடத்தைக் கொடுக்கிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வெளி வளையத்துக்கான அரிசியை நான் இப்போது உள்ளே கொண்டுவரவே விடுவதில்லை. அது கீழே வேனில் கிடக்கும். நடுவில் இருப்பவர் எழுந்து நின்று கூப்பிட்ட பிறகுதான் நான் போய் எடுத்து வருகிறேன். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு கயிற்றுக்கு வெளியே நிற்கப் பழகுகிறேன். அதுவும் மெதுவாகத்தான் வருகிறது.