கை ஆடிய படங்கள் மட்டும் போயின

2008-இல் நடந்தது. பல்லடம் ரோட்டில் நானும் என் வீட்டுக்காரரும் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி நடத்திக்கொண்டிருந்தோம். தையல், பேக்கிங் அவர் பொறுப்பு. ஆபீஸ், கணக்கு, சண்டை எல்லாம் என் பொறுப்பு. எனக்கு வாய் அதிகம் என்பது காதர்பேட்டை பனியன் கடைகள் வரை தெரியும். அதை இங்கே மறைத்து என்ன ஆகப்போகிறது.

குழந்தைகள் டீ சர்ட், வெளிநாட்டு ஆர்டர். ஆர்டர் கொடுத்த சென்னை ஏஜென்சிக்கு ஒரு வெப்சைட் உண்டு. சரக்கைப் பேக் செய்ததும் ஒவ்வொரு டிசைனையும் போட்டோ எடுத்து அதில் ஏற்ற வேண்டும். அவர்கள் பார்த்து ஓகே சொன்னால்தான் லாரி தூத்துக்குடிக்குக் கிளம்பும். கப்பலைத் தவறவிட்டால் நம் செலவில் விமானத்தில் அனுப்ப வேண்டும். அப்படி அனுப்பி மூடிப்போன கம்பெனி எங்கள் தெருவிலேயே இருந்தது. எங்களுக்கும் அந்த நிலை வந்தால் தையல் மெஷின்களை விற்பதைத் தவிர வழியில்லை.

சாயங்காலம் லாரி கிளம்ப வேண்டும். காலையிலிருந்து போட்டோ ஏற மாட்டேன் என்கிறது. எல்லாமே ஏறாமல் இருந்தால்கூடப் பரவாயில்லை. சிலது ஏறுகிறது, சிலது நெடுநேரம் சுற்றிவிட்டு வெள்ளைப் பக்கமாக வந்து நிற்கிறது. ஒரே கேமரா, ஒரே கம்ப்யூட்டர். கரண்ட் கட் நேரம், ஜெனரேட்டர்தான் காரணம் என்று அதைத் திட்டினேன். இன்டர்நெட் லைன்காரரைக் கூப்பிட்டுத் திட்டினேன். அவர் வந்து பார்த்து, லைன் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எங்கள் ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கும் பெண் மெதுவாகச் சொன்னாள்.

“அக்கா, கை ஆடி எடுத்த போட்டோவெல்லாம் போகுதுங்க. தெளிவா இருக்கறதுதான் போக மாட்டேங்குது.”

“கம்ப்யூட்டருக்குக் கண்ணா இருக்குது? போய் வேலையைப் பாரு” என்றேன். போன தடவை மங்கலான போட்டோ அனுப்பியதற்கு ஏஜென்சியில் வாங்கிக் கட்டிக்கொண்டது நான். இந்தத் தடவை தெளிவாக எடு என்று அவளை விரட்டியதும் நான்தான்.

கடைசியில் சென்னைக்கு ஃபோன் போட்டேன். கம்ப்யூட்டர் பிரிவில் ஒருவர் எடுத்தார். பேச்சில் தெற்கத்திச் சாயல். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“மேடம், வந்த போட்டோ எல்லாம் இங்க இருக்கு. மத்தது நீங்க அனுப்பவே இல்லையே.”

எனக்கு வந்ததே கோபம். எங்கள் ஊரில் திட்டினாலும் ‘ங்க’ போட்டுத்தான் திட்டுவோம். அன்று அந்த ‘ங்க’வும் போய்விட்டது. காலையிலிருந்து சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்திருக்கிறோம், நீ எங்களைப் பொய்க்காரர் ஆக்குகிறாயா என்று கேட்டுவிட்டு ரிசீவரை அடித்து வைத்தேன்.

அவர் இடத்தில் நானாக இருந்தால் அதோடு விட்டிருப்பேன். அவர் திரும்பக் கூப்பிட்டார்.

“மேடம், திட்டுங்க, பரவாயில்ல. எது போகல, எது போச்சுன்னு மட்டும் சொல்லிட்டுத் திட்டுங்க.”

“உங்க மெஷினுக்கு மங்கலான போட்டோதான் பிடிக்குதாம். எங்க ஆபீஸ் பொண்ணு சொல்லுது” என்றேன். குத்தலாகத்தான் சொன்னேன்.

அவர் அதைப் பிடித்துக்கொண்டு, “துணி எப்படி மேடம்? பிளெயினா, பிரிண்டா?” என்று கேட்டார்.

பார்த்தோம். ஒரே கலர் துணி எல்லாம் போயிருந்தது. பூப்போட்ட பிரிண்ட் அத்தனையும் நின்றிருந்தது, கை ஆடி எடுத்ததைத் தவிர. அந்தப் பெண்ணை ஒவ்வொரு போட்டோவும் எவ்வளவு பெரிசு என்று வாசிக்கச் சொன்னார். போகாதது எல்லாமே ஒரு எம்.பி.க்கு மேலே.

“தப்பு எங்களுது மேடம்” என்றார். போட்டோ நேராக அவர்கள் மெஷினுக்குப் போவதில்லையாம். முன்னால் ஒரு சர்வர் நின்று வாங்கி உள்ளே கொடுக்குமாம். ரிவர்ஸ் ப்ராக்ஸி என்று பேர் சொன்னார். பாதுகாப்புக்காகப் புதிதாக வைத்தது. ஒரு எம்.பி.க்கு மேல் எது வந்தாலும் அதுவே திருப்பி அனுப்பிவிடும், உள்ளே தகவலே போகாது. ஒரே கலர் துணியை எடுத்தால் ஃபைல் நன்றாகச் சுருங்கும்; பூவும் இலையுமாக இருந்தால் சுருங்காது. கை ஆடினால் பூவெல்லாம் கலங்கிப்போய் அதுவும் சுருங்கிவிடும். எனக்குச் சட்டென்று புரிந்தது. எங்கள் கேட்டில் வாட்ச்மேன் சொல்லாமல் கொள்ளாமல் வண்டியைத் திருப்பி அனுப்பினால், உள்ளே இருக்கும் நானும் ‘சரக்கு வரவே இல்லை’ என்றுதானே சொல்வேன்.

போட்டோவைச் சின்னதாக்கி அனுப்புங்கள் என்று சொல்லி அவர் கையைக் கழுவியிருக்கலாம். உடனே ஆளைப் பிடித்து அந்த அளவைக் கூட்டி வைத்தார். நாங்கள் ஏற்ற ஏற்ற எல்லாம் போனது. அதற்குள் போட்டோ ஏற்றக் கொடுத்த நேரம் தாண்டிவிட்டது. ஏஜென்சியின் ஷிப்மென்ட் மேனேஜர் தாமதம் என்று போட்டால் அன்றைக்கு ஓகே கிடைக்காது. அப்போது எனக்கும் ஒரு நகல் வைத்து அந்த மேனேஜருக்கு அவர் மெயில் அனுப்பினார். இவர்கள் காலையிலிருந்து அனுப்பிக்கொண்டுதான் இருந்தார்கள், தடுத்தது எங்கள் சர்வர், தவறு என் பிரிவுடையது என்று எழுதியிருந்தார். எழுதச் சொல்லி யாரும் அவரைக் கேட்கவில்லை. அப்படி எழுதியதற்கு அவருக்கு என்ன திட்டு கிடைத்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நானும் ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவள்தான்.

ஓகே வந்தது. லாரி போன பிறகு நன்றி சொல்லக் கூப்பிட்டேன்.

“நீங்க ரிசீவரை வச்ச சத்தத்துல பக்கத்து சீட்டுக்காரரே திரும்பிப் பார்த்துட்டாரு மேடம்” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. “நல்லா இருங்க சாமி” என்று மட்டும் சொன்னேன். அந்த ஆபீஸ் பெண்ணுக்கு அன்று பிரியாணி வாங்கிக் கொடுத்தேன்.

என் வாய் இன்னும் குறையவில்லை. சாயப்பட்டறைக்காரர் “துணி அனுப்பிட்டேனுங்க” என்றால் இன்றும் கத்துகிறேன்தான். ஆனால் கத்துவதற்கு முன்னால் ஒரு தடவை கேட் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். முகம்கூடத் தெரியாத ஒருவர், தன்னைத் திட்டியவளுக்காகத் தன் பக்கத்துத் தவறை எழுதிக் கொடுத்ததால்தான், இதை எழுதும் இந்த நேரத்திலும் பின்னால் எங்கள் மெஷின்கள் ஓடும் சத்தம் கேட்கிறது.